செத்தவர் எழுதிய ஐந்தரை மணி

அத்தியாயம் 4

வெள்ளைப் பலகையில் ஆறு எண்கள் வரிசையாக இருந்தன: 3, 9, 26, 58, 89, 100.

"என்னங்க இது, மார்க்கா? கடைசியில சென்டம் வாங்கிட்டீங்க போல" என்றேன் நான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அது என் வீட்டுக்காரர்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அது அபூர்வமாக நடக்கிற காரியம். மாஸ்டர் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'வாயாடி'தான். அவர் முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறிய வந்தவர். நான் அவருடைய உதவியாளர். கார் ஓட்டுவேன், பூட்டுத் திறப்பேன், தேவையில்லாத இடத்தில் ஜோக் அடிப்பேன்.

எங்களைக் கூப்பிட்டிருந்தவர் ஒரு டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிற டாக்டர். நாற்பது வயது இருக்கும். அவருடைய கணவரும் இதே ஆய்வுக்கூடத்தில், இதே மேஜையில் வேலை பார்த்தவர். ஆறு வாரத்துக்கு முன்னால் சாலை விபத்தில் போய்விட்டார். அவருடைய வெள்ளைக் கோட்டு இன்னும் சுவர் ஆணியில் தொங்கியது. ஏ.சி. காற்றில் அதன் ஒரு கை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"முதல்லேருந்து சொல்லுங்க. எனக்கு ரயில் தெரியும், வைரஸ் தெரியாது" என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மா சொன்னார். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் உண்டு. ஃபேஜ் என்று பெயர். மனிதர்களை அவை ஒன்றும் செய்யாது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளை ஃபேஜை விட்டு அழிப்பதற்கான வேலைதான் இங்கே நடக்கிறது. குடுவையில் பாக்டீரியாவை வளர்த்தால் அது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கியிருக்கும். ஃபேஜ் புகுந்து அவற்றைக் கொன்று முடித்ததும் குடுவை தெளிந்துவிடும். கணவரிடம் ஒரு ஃபேஜ் இருந்தது, மனைவியிடம் இன்னொன்று. இரண்டும் பங்காளிகள், ஒரே வம்சம்.

"அவர் தன்னோட ஃபேஜுக்குள்ள ஒரு அடையாளம் வெச்சிருந்தார். சலவைக்குப் போடற துணியில குறி போடுவாங்கல்ல, அந்த மாதிரி. அதோட டி.என்.ஏ.வுல இருபது எழுத்து. வேற எந்த ஃபேஜுலயும் அது கிடையாது." பலகையைப் பார்த்தார். "அவர் போனதுக்கப்புறம் என் பாட்டில்கள்ல அந்தக் குறி வர ஆரம்பிச்சுது. முதல் திங்கக்கிழமை நூத்துல மூணு. அடுத்த திங்கள் ஒன்பது. இந்த வாரம் நூத்துக்கு நூறு. அவரோட பாட்டில் ஃப்ரீசர்ல இருக்கு. அவர் போன மறுநாள் காலையில வெச்ச சீல், இன்னும் அப்படியே இருக்கு."

"யாராவது உங்க பாட்டிலை மாத்தறாங்களோ?"

"முதல்ல அப்படித்தான் நெனச்சேன்." அவர் குரல் இறங்கியது. "இப்ப அப்படித் தோணலை. வாரா வாரம் அவர் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வர்றார்னு தோணுது. நூறு ஆயிடுச்சு. இனிமே என்ன ஆகும்னு தெரியலை."

அப்போதுதான் நான் மேஜையைக் கவனித்தேன். இரண்டு கோப்பைகள் இருந்தன. இரண்டிலும் சூடான காப்பி. எங்களுக்கு அவர் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்தக் குறி வர்றதுக்கு முந்தின உங்க பழைய ஃபேஜ் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒரு குழாய் இருக்கு."

"அதை வெச்சு ஒரு குடுவை போடுங்க. அவர் போன அன்னிக்கு எப்படிப் போட்டீங்களோ அதே மாதிரி. அதே பாக்டீரியா, அதே அளவு, அதே நேரம்."

"அன்னிக்குப் பதினோரு மணிக்குப் போட்டேன்."

"இப்ப மணி பத்தே முக்கால். சௌகரியமாப் போச்சு."

"மாஸ்டர், வண்டி எதுன்னே தெரியலை, அதுக்குள்ள பச்சைக்கொடி காட்டறீங்களே" என்றேன். காரில் வரும்போதும் அவர், டாக்டரம்மா அனுப்பியிருந்த ஒரே ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி வந்தார்.

அதே தாளின் இன்னொரு பிரதி பதினொன்றரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தது. கொண்டுவந்தவர் இறந்தவரின் அண்ணன். அறுபதை நெருங்கியவர், இந்தக் கூடத்தின் தலைவர். இன்னொரு கையில் ஒரு கடித உறை இருந்தது.

"ஆள் வெச்சுத் துப்பறியறியாம்மா?" என்றார், எங்களைப் பார்க்காமலே.

"அத்தான், நான் எதையும் எடுக்கலை."

"என் தம்பி பத்து வருஷம் உசிரைக் குடுத்து வளர்த்ததை, உன் பேர் ஒட்டின பாட்டில்ல வெச்சிருக்கே. அதுக்கு வேற பேர் என்ன?" மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் நாலு மணிக்கு இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடப்போறேன். அதுக்கப்புறம் இவ இங்க வர வேண்டாம். அந்தப் பாட்டில்கள் ஆட்டோகிளேவுக்குப் போகும்."

மூலையில் நின்ற இரும்புப் பெட்டியைக் காட்டினார். கொதிக்கும் நீராவியில் எதையும் மிச்சம் வைக்காமல் கொன்றுவிடுகிற பெட்டி.

டாக்டரம்மா எழுந்தே விட்டார். "வேலை போனாப் போகட்டும். அவரை ரெண்டாவது தடவையும் சாகடிச்சுடாதீங்க அத்தான்."

மூத்தவரின் முகம் ஒரு கணம் உடைந்தது. பிறகு கையிலிருந்த தாளை மாஸ்டர் முன்னால் போட்டார். ஆய்வுக்கூடப் பதிவேட்டின் ஒரு பக்கம். அதன் கடைசி மூன்று வரிகள்:

காலை 11.00 – குடுவை 7 – ஆரம்பம்.
மாலை 3.00 – குடுவை 7 – கலங்கல்.
மாலை 5.30 – குடுவை 7 – தெளிந்தது.

முதல் இரண்டும் டாக்டரம்மாவின் கையெழுத்து. மூன்றாவது வேறு கை, சாய்ந்த பெரிய எழுத்து.

"அது என் தம்பி எழுத்து மாதிரியே இருக்குல்ல? அவன் ரோட்டுல விழுந்தது நாலு நாப்பதுக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கு. அஞ்சரைக்கு எப்படி வந்து எழுதினான்? திருட்டை மறைக்க இவ அவன் எழுத்தைப் பார்த்துப் பழகியிருக்கா."

"அது அவர் எழுத்துதான் அத்தான்."

"அப்ப ஆவி வந்து எழுதிட்டுப் போச்சா?"

டாக்டரம்மா கோட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையே எனக்குப் போதுமானதாக இருந்தது. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

மூத்தவர் போனதும் மாஸ்டர் பேச்சை மாற்றினார். "உங்க பாட்டில்ல இருக்கிற ஃபேஜ் முழுசும் அவரோடதா?"

"இல்லை. ஒரே ஒரு துண்டுதான் அவரோடது. மத்ததெல்லாம் என்னுது."

"அந்தத் துண்டுல என்ன இருக்கு?"

"ஒரு கத்தரி." அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு போட்டார். குரலில் முதல் தடவையாகத் தெம்பு வந்தது. "டி.என்.ஏ.வை வெட்டற ஒரு நொதி. கண்ட இடத்துல வெட்டாது, குறிப்பா ஒரே இடம். கத்தரியோட ஜீன் அந்த இடத்துலயே உட்கார்ந்துட்டா அங்க வெட்ட முடியாது. அதனால அது இருக்கிற ஃபேஜுக்கு ஆபத்தில்லை. கத்தரி இல்லாத பங்காளி ஃபேஜ் அதே பாக்டீரியாவுக்குள்ள வந்து மாட்டிச்சுன்னா, அதை வெட்டிடும். வெட்டுப்பட்டது தன்னைச் சரி பண்ணிக்கணும். எதைப் பார்த்து? பக்கத்துல முழுசா இருக்கிறதைப் பார்த்து. அப்படிப் பார்த்து எழுதும்போது கத்தரியோட ஜீனையும் சேர்த்து எழுதிக்கும். அதை ஒட்டி இருக்கிறதையும்தான். அவர் குறி வெச்சது கத்தரிக்குப் பக்கத்துல."

"புரிஞ்சுது" என்றேன். "ஒரு தையல்காரன் வீட்டுக்குள்ள பூந்து என் சட்டையைக் கிழிக்கிறான். அப்புறம் இதைப் பார்த்துத் தெச்சுக்கோன்னு தன் சட்டையையே நீட்டறான். தெச்சு முடிச்சுப் பார்த்தா அவன் பாக்கெட் என் சட்டையில."

"பாக்கெட்டுக்குள்ள கத்தரியும் இருக்கும்" என்றார் டாக்டரம்மா. உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "அடுத்த ஆள் சட்டையைக் கிழிக்க நீங்க கிளம்பிடுவீங்க."

"அப்ப ஒரு சொட்டு போதும்" என்றார் மாஸ்டர்.

"போதும். போன வாரக் குடுவையிலேருந்து கொஞ்சம் எடுத்துத்தான் இந்த வாரத்தை ஆரம்பிப்போம். ஒவ்வொரு வாரமும் கூடிக்கிட்டே போகும்."

"அதான் மூணு, ஒன்பது, இருபத்தாறு. திருடறவன் முதல் நாளே நூறு வெச்சிருப்பான். மூணை வெச்சுட்டு ஆறு வாரம் உட்கார்ந்திருக்க மாட்டான்."

"இது எனக்குத் தெரியாதா?" அவர் தாளைக் கசக்கினார். "ஆனா அந்த ஒரு சொட்டை யார் விட்டது? அவர் பாட்டில் சீலோட இருக்கு. இன்னொண்ணு. ஆறு வாரமா நான் வளர்க்கிறது ஒரு நோயாளிகிட்டேருந்து வந்த கிருமியில. அதுக்குள்ள என் ஃபேஜ் மட்டும்தான் நுழையும், அவரோடது நுழையவே நுழையாது. தேடிப் பார்த்துட்டேன், என் பாட்டில்ல அவர் ஃபேஜ் ஒண்ணுகூட இல்லை. அவர் இல்லை, அவர் குறி மட்டும் இருக்கு. இதை நான் வேற எப்படி எடுத்துக்கறது, சொல்லுங்க?"

"ரெண்டு ஃபேஜும் நுழையற பாக்டீரியா எது?"

"எங்க சாதாரண ஆய்வுக்கூடப் பாக்டீரியா. அதை நான் கடைசியாத் தொட்டது அன்னிக்குத்தான். குடுவை ஏழு."

"இப்ப ஷேக்கர்ல ஓடறதும் அதேதானே?"

ஆமாம் என்று தலையாட்டினார். குடுவைகளைக் குலுக்கிக்கொண்டே இருக்கும் அந்தப் பெட்டி மூலையில் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு என்ன நடந்துது?"

"இந்தக் கூடத்துல நாலு மணி நேரம் கெடு. அவர் ஃபேஜ் ரெண்டே மணி நேரத்துல தெளிய வெச்சிடும். அதுக்கு ரெட்டிப்பா நாலு. அதுக்குள்ள தெளியலைன்னா கொட்டிடணும். இந்தப் பாக்டீரியாவுல என்னோடது ஒரு தடவைகூடத் தெளிஞ்சதில்லை. அன்னிக்கு மூணு மணிக்குப் பார்த்தேன், கலங்கல். எழுதிட்டு, கோட்டைக் கழட்டி வீசினேன். இதோட விட்டேன், இனிமே இங்க காலெடுத்து வைக்க மாட்டேன்னு அவர்கிட்ட கத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அவர்கிட்ட நான் கடைசியாப் பேசினது அதுதான்." கசக்கிய தாளை மேஜையில் வைத்து நீவினார். "நாலு நாள் கழிச்சு வந்தா, அந்தக் குடுவை குளிர்பெட்டியில தெளிஞ்சு நிக்குது. சீல் வெச்ச அன்னிக்கு அத்தான் எடுத்து வெச்சிருக்கார். பதிவேட்டுல என் வீட்டுக்காரர் எழுத்து. அதைப் பார்த்துத்தான் நான் மறுபடியும் வேலையை ஆரம்பிச்சேன்."

இன்றைக்கும் மூன்று மணிக்கு டாக்டரம்மா ஷேக்கரைத் திறந்து பார்த்தார். கலங்கல். பதிவேட்டில் அப்படியே எழுதினார்.

நான்கு மணிக்கு மூத்தவர் பேனாவைத் திறந்துகொண்டே வந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மாஸ்டர். "அந்தப் பதிவேட்டை எடுங்க. அசலை."

"பிரதிதான் இருக்கே."

"பிரதியில ஒரு பக்கம்தான் இருக்கு. நான் முப்பது வருஷம் ரயில் பதிவேடு எழுதினவன். எனக்கு அடுத்த பக்கமும் வேணும்."

பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டுத் தைத்த தடித்த பதிவேடு. மாஸ்டர் அந்தத் தேதியை எடுத்தார். ஐந்தரை மணி வரிதான் பக்கத்தின் கடைசி வரி. தாளைப் புரட்டினார். அடுத்த பக்கத்தின் முதல் வரியில் அதே தேதி. 'மாலை 4.00 – இன்குபேட்டர் 37 டிகிரி – சரி.' கீழே மூத்தவரின் கையெழுத்து.

"அஞ்சரைக்கு அப்புறம் நாலு மணியா? இங்க கடிகாரம் பின்னாலயா ஓடுது?" என்றேன்.

"கடிகாரம் சரியாத்தான் ஓடுது. இவர் நாலு மணிக்குப் புதுப் பக்கத்தைத் திருப்பும்போதே, அஞ்சரைங்கற வரி அங்க இருந்திருக்கு."

மூத்தவர் தலையை வேகமாக ஆட்டினார். "இல்லை. கடைசி வரியை நான் காலியா விட்டிருப்பேன். பின்னால இவ நிரப்பியிருப்பா."

மாஸ்டர் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டிக் காட்டினார். எங்கெல்லாம் பக்கத்தின் அடியில் வரி காலியாக இருந்ததோ, அங்கெல்லாம் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தான். காலி வரியை அடிக்காம யாரும் பக்கத்தைத் திருப்பக் கூடாது. அது என்…" அவர் குரல் தேய்ந்தது. "அது என் சட்டம்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு."

"ஒரு தடவையாவது மறந்திருக்கீங்களா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். பேனா மேஜையில் உருண்டது. நெடுநேரம் அந்த நான்கு மணி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையெழுத்தையே யாரோ அந்நியருடையதைப் போலப் பார்த்தார்.

"நான் எழுதும்போது அவன் அந்தக் குழாயில கை கழுவிக்கிட்டிருந்தான். சிரிச்சான். 'அஞ்சரைக்கு அவளைக் கூட்டிட்டு வந்துடறேண்ணா'ன்னான். எதுக்குடான்னு நான் கேக்கலை. மேல் வரியைப் படிக்கவும் இல்லை."

"நடக்கப்போறதை நேரத்தோட முன்கூட்டியே எழுதணும்னா, அது நடக்கும்னு தெரிஞ்சிருக்கணும்" என்றார் மாஸ்டர் மெதுவாக. "இங்கேருந்து வண்டியை அனுப்பினவனுக்குத்தான் அது அடுத்த ஸ்டேஷனுக்கு எப்பப் போய்ச் சேரும்னு தெரியும். இவங்க கோபமாப் போனதும், மூணரைக்கு அவர் தன்னோட ஃபேஜை அந்தக் குடுவையில ஒரு சொட்டு விட்டிருக்கார். ரெண்டு மணி நேரம். அஞ்சரைக்குத் தெளியும். எழுதிட்டு, இவங்களைக் கூப்பிடக் கிளம்பிட்டார்."

"அவர் அப்படிச் செய்ய மாட்டார்" என்றார் டாக்டரம்மா. பிறகு, "செய்வார்" என்றார். "நான் அழுதா அவருக்குத் தாங்காது."

"என் தம்பி பதிவேட்டுல பொய் எழுத மாட்டான்." மூத்தவர் இன்னும் விடவில்லை. "அவளோட ஃபேஜே அஞ்சரைக்குத் தெளியும்னு கணிச்சு எழுதியிருக்கலாமில்ல?"

"எழுதியிருக்கலாம். அதுக்காகத்தான் காலையிலயே அந்தக் குடுவையைப் போடச் சொன்னேன். அதுல இவங்க ஃபேஜ் மட்டும்தான். அஞ்சரைக்கு அது தெளிஞ்சா நான் சொன்னதெல்லாம் தப்பு. நீங்க கையெழுத்துப் போடலாம்."

அதற்கப்புறம் நாங்கள் நான்கு பேரும் காத்திருந்தோம். கடிகாரத்தைப் பார்க்கிறோம், ஷேக்கரைப் பார்க்கிறோம். ஜோக் அடிக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. செத்தவரும் அறையில் ஓரமாக நின்று முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருந்தது. உண்மையாகவே பயந்தேன்.

ஐந்தரை. டாக்டரம்மா குடுவையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பின்னால் அவருடைய விரல்கூடத் தெரியவில்லை. கலங்கல்.

மூத்தவர் உறையை இரண்டாகக் கிழித்தார். "மன்னிச்சிடும்மா. அவன் உனக்குக் குடுத்ததைப் போய் நீ திருடினதா நெனச்சுட்டேன்."

வழக்கு முடிந்தது என்று நான் கார் சாவியை எடுத்தேன். மாஸ்டர் கண்ணைக் காட்டினார். டாக்டரம்மா குடுவையைத் திரும்ப ஷேக்கரில் வைத்துவிட்டு, அதன் எதிரிலேயே நின்றிருந்தார்.

"நாலு மணி நேரத்துக்கு மேல இதை நான் ஒரு தடவையும் விட்டுப் பார்த்ததில்லை" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ஆறு மணிக்குக் கலங்கல் கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது. ஆறு பத்துக்கு அவர் மறுபடியும் எடுத்துப் பிடித்தார். குடுவை வழியாகச் சுவர் தெரிந்தது. ஆணி தெரிந்தது. தொங்கிய கோட்டின் பித்தான்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"நாப்பது நிமிஷம்" என்றார் டாக்டரம்மா.

மூத்தவர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"அஞ்சரைக்கு மேல நாப்பது நிமிஷம் பொறுத்திருந்தா அதுவே தெளிஞ்சிருக்கும். அவர் சொட்டு விட்டிருக்க வேண்டாம். என்னைக் கூப்பிட அவசரமா ஓடி வந்திருக்க வேண்டாம். நாலு நாப்பதுக்கு அவர் அந்த ரோட்டுலயே இருந்திருக்க மாட்டார்." குடுவையைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். சொல்ல வெட்கமாக இல்லை.

வெகுநேரம் கழித்து மூத்தவர் பதிவேட்டை இழுத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தார். தவறான பதிவைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அதுவும் அவருடைய சட்டம்தான். பேனா முனை ஐந்தரை மணி வரிக்கு மேல் நின்றது. டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதீங்க அத்தான். தெளிஞ்சதுன்னு அவர் எழுதினது பொய் இல்லை. நேரம்தான் நாப்பது நிமிஷம் தப்பு."

மூத்தவர் பேனாவை மூடினார். டாக்டரம்மா இன்றைய தேதிப் பக்கத்தில், மூன்று மணி வரிக்குக் கீழே, '6.10 – தெளிந்தது' என்று எழுதினார். பிறகு குறி ஏறிய பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டோகிளேவில் அடுக்கினார். நோயாளிக்குப் போகப்போவது இந்தத் தெளிந்த குடுவையிலிருந்து வளர்ப்பதுதான், அதில் தெரியாத சரக்கு எதுவும் இருக்கக் கூடாது என்றார். கடைசிப் பாட்டிலை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். அதையும் வைத்துக் கதவைத் தானே பூட்டினார். பெட்டி சூடாகும் சத்தம் கேட்டது.

மேஜைக்கு வந்து, ஆறிப்போயிருந்த இரண்டு கோப்பைகளையும் தொட்டியில் கொட்டிக் கழுவினார். புதிதாகக் காப்பி ஊற்றி ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"காலையிலேருந்து இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணுமே குடுக்கலையே."

அது யாருடைய கோப்பை என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன். ஆணியில் கோட்டின் கை ஏ.சி. காற்றில் அப்படியேதான் ஆடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அதைப் பார்த்தபடியே உட்கார்ந்து குடித்தேன்.